விந்தணு ‘பூச்சியம்’ என்று ரிப்போர்ட்: கத்திக்கும் ஊசிக்கும் முன்னால் எதைப் பார்ப்பது?

#1 · களப்பணி_தலவாக்கலை

எல்லாருக்கும் வணக்கம். ஆளை அடையாளம் காட்டும் எதையும் போடாமல் இலக்கங்களை மட்டும் எழுதுறேன்.

கல்யாணமாகி நாலு வருஷம். வழக்கம்போல மனைவியைத்தான் முதலில் கிளினிக் கிளினிக்காக அலைய வச்சிருக்காங்க. ஸ்கேன், ஓமோன், கருக்குழாய்ப் படம், எல்லாத்துக்கும் ஒவ்வொரு நாள் பேர் (நாள் கூலி) போயிருக்கு. எல்லாம் சரி என்று வந்த பிறகுதான் கணவருக்கு முதல் விந்துப் பரிசோதனை.

அளவு 2.8 மில்லிலீற்றர், பிஎச் 7.8, விந்தணு காணப்படவில்லை. ஐந்து வாரம் கழித்து எடுத்ததும் அப்படியே. விதையைத் தூண்டும் ஓமோன்கள் எஃப்எஸ்எச் 26, எல்எச் 14; ஆண் ஓமோன் டெஸ்டோஸ்டெரோன் 7 நனோமோல். வயது 31.

ஒரு இடத்தில் “டெஸ்டோஸ்டெரோன் ஊசி போட்டால் ஏறும்” என்றிருக்காங்க. இன்னொரு இடத்தில் “விதையில் துண்டெடுத்துப் பார்ப்போம்”. பரம்பரையலகுப் பரிசோதனை பற்றி யாரும் வாய் திறக்கலை. எது முதலில்? மலையிலிருந்து இரத்தம் அனுப்புவது எப்படி?

#2 · நுணுக்குக்காட்டி

மிஸ், மற்றதெல்லாம் பிறகு. முதலில் அந்தப் பூச்சியத்தை நம்பலாமா என்று பாருங்க.

விந்தணு இல்லை என்று எழுதுவதற்கு முன் மாதிரியைச் சுழற்றி அடிப்படிவைப் பார்க்க வேண்டும். உலக சுகாதார நிறுவனக் கைநூல் சொல்வது 3000 ஜி விசையில் 15 நிமிடம். இங்கே பல சின்ன லேப்களில் ‘3000’ என்பதை நிமிடத்துக்கு 3000 சுற்று என்று எடுத்துக்கொள்றாங்க. ரெண்டும் ஒன்றல்ல. சுழலியின் ஆரை 10 சென்ரிமீற்றர் என்றால் 3000 சுற்றில் கிடைப்பது ஏறக்குறைய 1000 ஜி மட்டும்தான். 3000 ஜி வேண்டுமென்றால் 5200 சுற்று வரை போகணும். மேசைமேல் வைக்கும் பழைய இயந்திரங்கள் அவ்வளவு போகாது. விசை குறைந்தால் அங்கொன்றும் இங்கொன்றுமாக இருக்கும் அணுக்கள் மேல்நீரிலேயே நின்றுவிடும். ரிப்போர்ட்டில் பூச்சியம் விழும். மூன்று நாலு அணு இருந்தாலும் அது வேறு நோயறிதல். அந்த நாலையும் உறைய வைத்தால் அறுவையே தேவைப்படாமல் போகலாம்.

அடுத்தது மாதிரி எடுத்த விதம். 2 முதல் 7 நாள் இடைவெளி இருந்ததா? முழுவதும் பாத்திரத்தில் விழுந்ததா? முதலில் வரும் பகுதியில்தான் அணு அதிகம், அது தவறினால் கணக்கே மாறும். சாதாரண ஆணுறையில் எடுத்தது, சவர்க்காரம் பட்டது எல்லாம் செல்லாது.

அடுத்தது குளிர். மாதிரி 20 முதல் 37 பாகைக்குள் இருக்கணும். அரை மணித்தியாலத்துக்குள், கூடினால் ஒரு மணித்தியாலத்துக்குள் பார்க்கத் தொடங்கணும். மஸ்கெலியாவில் வீட்டில் எடுத்து ஹட்டனுக்கு பஸ்ஸில் கொண்டுவந்தால் நேரம் வழியிலேயே முடிஞ்சிடும். நுவரெலியாப் பனியில் பையில் வைத்துக் கொண்டுவந்தால் அசைவெல்லாம் செத்த கணக்கில் வரும். எண்ணிக்கை அதனால் குறையாது, அசைவு வீதம்தான் பொய் சொல்லும். முடிந்தவரை லேப்பிலேயே எடுக்கச் சொல்லுங்க. முடியாவிட்டால் பாத்திரத்தை உடம்போடு, உள்சட்டைக்குள் வைத்துக் கொண்டு வரணும்.

காய்ச்சல் வந்து போனவர் என்றால் மூன்று மாதம் கழித்து எடுங்க. ஒரு விந்தணு உருவாக 74 நாள் போல, வெளியே வந்துசேர இன்னும் ஒன்றிரண்டு கிழமை. நேற்றைய டெங்கு இன்றைய ரிப்போர்ட்டில் தெரியாது. அடுத்தடுத்த மாத ரிப்போர்ட்டில்தான் தெரியும்.

#3 · ஊவா_வைத்தியன்

லேப் தம்பி சொன்னது சரி. ஆனால் இந்த ஆளின் ஓமோன் இலக்கங்களே கதையைப் பாதி சொல்லிவிட்டன.

அளவு இயல்பு, பிஎச் இயல்பு, எஃப்எஸ்எச் மிக உயர்வு. ஆகவே பாதை அடைப்பு அல்ல, உற்பத்திக் குறைவு. மூளையடிச் சுரப்பி எஃப்எஸ்எச்சையும் எல்எச்சையும் அள்ளிக் கொட்டுகிறது, விதை பதில் சொல்லவில்லை. அதோடு டெஸ்டோஸ்டெரோனும் கீழே. இந்த மூன்றும் சேர்ந்தால் முதல் சந்தேகம் கிளைன்பெல்டர் நோய்க்குறி, அதாவது ஓர் எக்ஸ் நிறமூர்த்தம் (குரோமோசோம்) கூடுதலாக உள்ள 47 எக்ஸ்எக்ஸ்வை. ஆண் குழந்தைகளில் ஏறக்குறைய 600க்கு ஒருவர். விந்தணுவே இல்லாத ஆண்களில் பத்து, பதினைந்து வீதம் இதுதான். பெரும்பாலோர் கல்யாணமாகிப் பிள்ளை இல்லை என்று வரும்வரை கண்டுபிடிக்கப்படுவதே இல்லை.

ரிப்போர்ட்டில் இல்லாத ஒன்று: விதையின் பருமன். யாராவது கையால் பார்த்தார்களா? மணிமாலை போல 1 முதல் 25 மில்லிலீற்றர் வரை கோர்த்த அளவி ஒன்று இருக்கிறது, அதை வைத்து ஒப்பிட வேண்டும். கிளைன்பெல்டரில் பெரும்பாலும் 4க்குக் கீழே, தொட்டால் கெட்டியாக இருக்கும். மார்பு பருத்திருக்கிறதா, தாடி எப்படி, கால் நீளமா என்பதையும் பாருங்கள். ஆனால் எல்லாரும் பாடப்புத்தகப் படம் போல நெட்டையாக வரமாட்டார்கள். கட்டையான, நல்ல மீசை வைத்த கிளைன்பெல்டரும் உண்டு.

டெஸ்டோஸ்டெரோன் ஊசியை இப்போது போடவே கூடாது. துண்டெடுப்பதும் இப்போது வேண்டாம். இரத்தத்தில் இரண்டு பரிசோதனை: கரியோடைப் (நிறமூர்த்தங்களை எண்ணிப் பார்ப்பது), வை (Y) நிறமூர்த்தச் சிறுதுண்டு இழப்பு. இரண்டையும் ஒன்றாக அனுப்புவது என் வழக்கம்.

#4 · மருந்துக்கலவை

ஊசி ஏன் கூடாது என்பதை ஒரு வரியில் விட்டுவிட்டீங்க சேர், விரிவாகச் சொல்லணும். கடையில் இதே தவறைத் திரும்பத் திரும்பக் கேட்கிறோம்.

விந்தணு உற்பத்திக்கு விதைக்குள்ளே இருக்கும் டெஸ்டோஸ்டெரோன் இரத்தத்தில் இருப்பதைவிடப் பல மடங்கு. அது எல்எச் தூண்டி உள்ளேயே உண்டாகணும். வெளியிலிருந்து ஊசியோ ஜெல்லோ போட்டால் மூளையடிச் சுரப்பி “போதும்” என்று எல்எச்சையும் எஃப்எஸ்எச்சையும் நிறுத்திவிடும். இரத்தத்தில் அளவு அழகாக ஏறும், விதைக்குள்ளே இறங்கும். இருந்த கொஞ்ச உற்பத்தியும் நிற்கும். நிறுத்தினால் திரும்ப வர ஆறு மாதம், ஒரு வருடம் ஆகலாம். சிலருக்கு அதற்கும் மேலே. 1000 மில்லிகிராம் நீண்டகால ஊசி ஒன்று போட்டாலே அதன் வேலை 10 முதல் 14 கிழமை.

உடற்பயிற்சிக் கூடங்களில் விற்கும் ‘பவுடர்’, ‘ஊசி’ எல்லாம் இதே கணக்கு. எஃப்எஸ்எச், எல்எச் ரெண்டும் அடிமட்டத்தில் இருந்து ஆள் மட்டும் கட்டுமஸ்தாக இருந்தால் முதலில் கேட்க வேண்டிய கேள்வி அதுதான். மனைவியை வெளியே அனுப்பிவிட்டுக் கேளுங்க.

கிளைன்பெல்டர் உறுதியானால் பிற்காலத்தில் டெஸ்டோஸ்டெரோன் தேவைப்படும். எலும்பு தேய்வு, சர்க்கரை, இரத்தசோகை எல்லாம் அதோடு சேர்ந்தது. ஆனால் விந்தணு தேடும் வேலை முடிந்த பிறகு.

#5 · நிறமூர்த்தம்

இரத்தம் அனுப்புவது பற்றிக் கேட்டிருந்தீர்கள். இதில்தான் மலையகத்திலிருந்து வரும் மாதிரிகள் அதிகம் வீணாகின்றன.

கரியோடைப்புக்கு உயிருள்ள கலம் வேண்டும். வெண்குருதிக் கலங்களை மூன்று நாள் வளர்த்து, பிரியும் நடுவில் நிறுத்தி, நிறமூர்த்தங்களைச் சாயமிட்டு எண்ணுகிறோம். ஆகவே சோடியம் ஹெப்பரின் குழாய், 3 முதல் 5 மில்லிலீற்றர். பச்சை மூடி என்று மட்டும் சொன்னால் போதாது. லிதியம் ஹெப்பரினுக்கும் பச்சை மூடிதான், லிதியம் கல வளர்ச்சியைக் கெடுக்கும். லேபலைப் படியுங்கள். எடுத்தவுடன் எட்டுப் பத்துத் தரம் மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்துங்கள். குலுக்க வேண்டாம். ஐஸ் வேண்டாம். உறைந்தால் முடிந்தது கதை. நுவரெலியா அறை வெப்பத்தில் ஒன்றும் ஆகாது. கொழும்புக்கு இறங்கும்போதுதான் சூடு. ரெஜிபோம் பெட்டியில், ஐஸ் இல்லாமல், 24 மணித்தியாலத்துக்குள் சேர வேண்டும். 48 தாண்டினால் கலம் வளரும் என்ற உத்தரவாதம் இல்லை.

வை பரிசோதனைக்கு வேறு குழாய்: ஈடிடிஏ, ஊதா மூடி, 3 மில்லிலீற்றர். அதில் டிஎன்ஏ மட்டும் எடுக்கிறோம். குளிரூட்டியில் 4 பாகையில் சில நாள் தாங்கும். ஹெப்பரின் இரத்தத்திலிருந்தே இதையும் செய்யச் சொல்லாதீர்கள். டிஎன்ஏவைப் பெருக்கும் பிசிஆர் நொதியத்தை ஹெப்பரின் தடுக்கும்.

வெள்ளிக்கிழமையிலும் போயாவுக்கு முந்தின நாளிலும் ஹெப்பரின் மாதிரி எடுக்காதீர்கள். அண்மையில் இரத்தம் ஏற்றியிருந்தால் படிவத்தில் எழுதுங்கள். கரியோடைப் கொழும்புப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தின் மனித மரபணுவியல் பிரிவில் செய்கிறார்கள், கின்சி வீதியில். வேறு எங்கு அனுப்பினாலும் எந்த நாட்களில் மாதிரி ஏற்கிறார்கள் என்பதை முன்கூட்டிக் கேட்டுவிட்டு ஊசியைக் குத்துங்கள். முடிவு வர இரண்டு மூன்று கிழமை என்று ஆளிடம் சொல்லிவைக்கவும்.

ரிப்போர்ட் வந்ததும் எத்தனை கலம் எண்ணினார்கள் என்று பாருங்கள். 30 கலத்தில் எல்லாம் 46 எக்ஸ்வை என்றால், பத்து வீதத்துக்கு மேற்பட்ட கலப்புக் கலவகை இல்லை என்று ஏறக்குறைய உறுதியாகச் சொல்லலாம். ஐந்து கலம் எண்ணி “இயல்பு” என்று எழுதினால், 47 எக்ஸ்எக்ஸ்வை கலம் ஐந்திலொரு பங்கு இருந்தாலும் தப்பிவிட மூன்றிலொரு வாய்ப்பு.

ஊவா வைத்தியருடன் எனக்கு ஒரு கருத்து வேறுபாடு. இவருக்கு இரண்டையும் ஒன்றாக அனுப்ப வேண்டியதில்லை. விதை 4 மில்லிலீற்றருக்குக் கீழே என்றால் கரியோடைப்பை மட்டும் முதலில் செய்யுங்கள். 47 எக்ஸ்எக்ஸ்வை வந்துவிட்டால் வை பரிசோதனை பெரும்பாலும் வீண் செலவு.

#6 · ஊவா_வைத்தியன்

செலவு கணக்கு சரி. பஸ் கணக்கு தவறு. தோட்டத்திலிருந்து ஒருவர் கண்டிக்கோ கொழும்புக்கோ இரண்டு தடவை வருவதற்குச் செலவாகும் பேரையும் பஸ் காசையும் கூட்டினால், ஒரே குத்தலில் இரண்டு குழாயும் எடுத்து வைப்பது மலிவு. ஈடிடிஏ குழாயைக் குளிரூட்டியில் வைத்திருங்கள். கரியோடைப் இயல்பு என்று வந்தால் மட்டும் அனுப்புங்கள்.

#7 · நிறமூர்த்தம்

டிஎன்ஏ பிரித்து உறையவைத்து வைக்கும் லேப் என்றால் அது நல்ல நடுவழி. ஒத்துக்கொள்கிறேன்.

இனி வை நிறமூர்த்தம். 1976இல் தியெபோலோ, சுஃபார்தி என்ற இத்தாலியர் இருவர், வை நிறமூர்த்தத்தின் நீண்ட கையின் நுனி இல்லாத ஆண்களுக்கு விந்தணு இல்லை என்று காட்டினார்கள். 1996இல் அந்தப் பகுதி ஏஇசட்எஃப் ஏ, பி, சி என்று மூன்றாகப் பிரிக்கப்பட்டது. எந்த எழுத்து போயிருக்கிறது என்பதில்தான் சத்திரசிகிச்சை செய்வதா இல்லையா என்ற முழு முடிவும் தங்கியிருக்கிறது.

ஏ முழுதாகப் போனால் விதைக் குழாய்களில் தாங்கு கலங்கள் மட்டும்தான்; விந்தணுவாகும் கலமே கிடையாது. பி முழுதாகப் போனால் கலம் இருக்கும், ஒடுக்கற்பிரிவில் நின்றுவிடும். இந்த இரண்டிலும், பியும் சியும் சேர்ந்து போனதிலும், விதையைக் கீறித் தேடினாலும் விந்தணு கிடைக்காது. கத்தியை எடுக்கவே கூடாது. சி மட்டும் போனால் நிலைமை வேறு. அது மொத்த இழப்புகளில் பாதிக்கு மேல். இவர்களில் சிலருக்கு விந்திலேயே கொஞ்சம் அணு இருக்கும். இல்லாதவர்களிலும் நுணுக்குக்காட்டி வைத்து விதையில் தேடினால் ஏறக்குறைய பாதிப் பேருக்குக் கிடைக்கிறது. சி இழப்பில் எண்ணிக்கை காலப்போக்கில் இறங்கக்கூடும் என்பதால், விந்தில் அணு தெரிகிற இன்றே உறைய வைக்கச் சொல்லுங்கள்.

ரிப்போர்ட்டைப் படிக்கும் முறை: ஏக்கு எஸ்வை 84, 86; பிக்கு எஸ்வை 127, 134; சிக்கு எஸ்வை 254, 255. ஒவ்வொரு பகுதிக்கும் இரண்டிரண்டு குறி. அதோடு எஸ்ஆர்வை, இசட்எஃப்எக்ஸ்/இசட்எஃப்வை என்று இரண்டு கட்டுப்பாட்டுக் குறிகள் வேலை செய்திருக்க வேண்டும். ஹட்டன் வீதியில் அடுத்தடுத்த இரண்டு கிலோமீற்றர் கல்லும் காணவில்லை என்றால் மண்சரிவில் வீதியே போயிருக்கிறது. ஒன்று மட்டும் இல்லையென்றால் கல்தான் சாய்ந்திருக்கும். அதே மாதிரி 254 மட்டும் தெரியவில்லை, 255 தெரிகிறது என்று வந்தால் அது இழப்பு அல்ல. புது மாதிரியில் திரும்பச் செய்ய வேண்டும். கட்டுப்பாட்டுக் குறி பற்றி ஒரு சொல்லும் இல்லாத ரிப்போர்ட்டைத் திருப்பி அனுப்புங்கள்.

ஏ, பி இழப்பு என்று வந்தால் எல்லைக் குறிகளையும் பார்த்து “முழுமை” என்று எழுதச் சொல்லிக் கேளுங்கள். பகுதி இழப்பில் சிலருக்கு அணு கிடைக்கலாம். “ஜிஆர்/ஜிஆர்” என்று ஒரு பகுதி இழப்பு சில தனியார் ரிப்போர்ட்டுகளில் வரும். அது சில இனத்தவரில் ஓர் ஆபத்துக் காரணி மட்டுமே. அதை வைத்து யாரையும் மலடு என்று சொல்லிவிட முடியாது.

#8 · கொழுந்துக்கூடை

நான் தோட்டப் பயிர்ப்பாதுகாப்புப் பக்கம். ரெண்டு கேள்வி.

ஒன்று, மருந்தடிக்கிற ஆட்களிடம் இது வந்தால் உடனே “மருந்துதான்” என்று முடிவு கட்டுறாங்க. டிபிசிபி விசயம் தெரியும்: 1977இல் கலிபோர்னியாவில் அந்தப் புழுக்கொல்லியைத் தயாரித்த தொழிற்சாலை ஆட்களுக்கு விந்தணு அற்றுப்போனது, அது நிரூபணமானது. அப்படியிருக்க மருந்தடித்தவருக்கு ஏன் பரம்பரையலகுப் பரிசோதனை?

ரெண்டாவது, லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) எல்லாரும் கேட்கிறது: “மாமன் மகளைக் கட்டினதாலயா?”

#9 · மாவலி

அண்ணே, ரெண்டுக்கும் பதில் ஒரே இடத்தில் தொடங்குது: குறை எப்போது உண்டானது?

கிளைன்பெல்டர் இவருடைய அப்பாவின் விந்தணுவிலோ அம்மாவின் முட்டையிலோ நிறமூர்த்தம் பிரியத் தவறியதால் வந்தது. பாதிக்குப் பாதி. ஏஇசட்எஃப் சி இழப்பு பெரும்பாலும் அப்பாவின் விதையில், விந்தணு உருவாகும்போது நடக்கும். வை நிறமூர்த்தத்தில் ஏறக்குறைய ஒரே மாதிரியான நீண்ட தொடர்கள் இடைவெளி விட்டு, ஒரே திசையில் இருக்கு. அவை தவறிச் சேர்ந்து, நடுவிலே இருக்கும் 35 இலட்சம் எழுத்து வளைந்து வெளியே போய்விடும். ரெண்டுமே இவர் பிறப்பதற்கு முன்னால் முடிந்த காரியம். இவர் பிறகு அடித்த மருந்தால் இவருடைய வையில் துண்டு போகாது.

டிபிசிபி போன்ற நஞ்சு வேறு வழி; விதையில் உள்ள மூலக்கலங்களை நேரே கொல்லும். அதிலும் எஃப்எஸ்எச் ஏறும். கரியோடைப்பும் வையும் பார்த்தால்தான் எது எது என்று பிரிக்க முடியும். மருந்தடித்தவர் என்ற காரணத்துக்காகவே அந்தப் பரிசோதனையை விட்டுவிடக் கூடாது. மருந்து என்று முடிவுகட்டி வேலையை மாற்றிக்கொண்டு, இழப்பு இருப்பது தெரியாமல் வருடக்கணக்கில் “இப்போ சரியாகும்” என்று காத்திருப்பாங்க.

இனி மாமன் மகள். இவர் மாமன் மகளைக் கட்டினாரா என்பது இவருடைய விந்தணுவுக்குச் சம்பந்தமே இல்லை. கேட்க வேண்டியது இவருடைய அப்பாவும் அம்மாவும் சொந்தமா என்பது. இரண்டு பிரதியும் பழுதானால்தான் குறை காட்டும் பரம்பரையலகுகள் பல உண்டு. பெற்றோர் சொந்தம் என்றால் அவற்றுக்கு வாய்ப்புக் கூடும். மாமன், அத்தை பிள்ளைகள் கட்டிப் பிறந்த பிள்ளைக்கு, குறிப்பிட்ட ஏதாவது ஒரு பரம்பரையலகில் இரண்டு பிரதியும் ஒரே மூதாதையிடமிருந்து வந்திருக்க வாய்ப்பு 16இல் 1. தாய்மாமனே அக்கா மகளைக் கட்டியிருந்தால் 8இல் 1. அண்ணன் தம்பி இரண்டு பேருக்கும் பிள்ளை இல்லை, பெற்றோர் சொந்தம் என்ற குடும்பத்தில் கரியோடைப்பும் வையும் இயல்பு என்று வந்தால் அடுத்து பரம்பரையலகுத் தொகுதி வாசிப்புக்குப் போகணும். அம்மாவழி மாமன்களுக்கும் பிள்ளை இல்லையென்றால் எக்ஸ் நிறமூர்த்தத்தில் உள்ள டெக்ஸ் 11 போன்ற பரம்பரையலகுகளைச் சந்தேகிக்கணும்.

இதை மாமியார் காதில் விழும்படி சொல்லுங்க. சொந்தத்தில் கட்டியதால் பிள்ளை இல்லை என்று மருமகளைப் பிரித்து அனுப்பிய வீடுகள் உண்டு.

#10 · களப்பணி_தலவாக்கலை

மிச்சம் நன்றி. அளவி இல்லாததால் ஸ்கேனில் பார்த்தாங்க: இரண்டு பக்கமும் 3 மில்லிலீற்றர் அளவு. இரத்தம் திங்கட்கிழமை எடுக்கிறோம், இரண்டு குழாயும். இவருக்குத் தம்பி ஒருவர், அடுத்த மாதம் கல்யாணம் பேசியிருக்கு. அவரும் பரிசோதிக்கணுமா என்று அம்மா கேட்கிறாங்க.

#11 · மாவலி

மிஸ், அண்ணனின் முடிவைப் பொறுத்தது. கிளைன்பெல்டர் என்றால் தம்பிக்கு எந்தக் கரியோடைப்பும் தேவையில்லை, அது குடும்பத்தில் ஓடுவதில்லை. வை இழப்பு என்றாலும் பெரும்பாலும் தேவையில்லை. கொஞ்சம் அணு உள்ள சி இழப்பு மட்டும் அபூர்வமாக அப்பாவிடமிருந்து வரலாம்.

ஆனால் இடப்பெயர்வு (ஒரு நிறமூர்த்தமோ அதன் துண்டோ இன்னொன்றோடு சேர்ந்திருப்பது) என்று வந்தால் தம்பியும் அக்கா தங்கச்சிமாரும் பார்க்கணும். 13ஆம், 14ஆம் நிறமூர்த்தங்கள் ஒட்டிக்கொள்வது அதில் அதிகம் காணப்படுவது. மொத்த எண்ணிக்கை 45 என்று ரிப்போர்ட் வரும். பார்த்துப் பதற வேண்டாம், சரக்கு குறையவில்லை, இரண்டும் ஒன்றாக ஒட்டியிருக்கு. ஆணில் விந்தணு குறையலாம்; பெண்ணில் அடிக்கடி கரு கலையலாம். “அண்ணனுக்குப் பிள்ளை இல்லை, தங்கச்சிக்கு மூன்று தடவை கலைஞ்சிருச்சு” என்று ஒரே வீட்டில் கேட்டால் இதைத்தான் முதலில் நினைக்கணும்.

#12 · நுணுக்குக்காட்டி

இந்த இழையில் எல்லாரும் எஃப்எஸ்எச் ஏறியதைப் பற்றியே பேசுறீங்க. லேப்பில் நாங்கள் தவறவிடும் வகை வேறொன்று.

அளவு 1 மில்லிலீற்றருக்கும் கீழே, பிஎச் 7.2க்குக் கீழே, விந்தணு இல்லை, பிரக்டோஸ் இல்லை. எஃப்எஸ்எச் இயல்பு, விதை இயல்பு. இதைப் பார்த்தவுடன் விந்துக்குழாய் பிறவியிலேயே இல்லையா என்று கேட்கணும். விதைப்பைக்கு மேலே விரலால் உருட்டினால் இயல்பான ஆளில் நூல்கயிறு மாதிரிக் கெட்டியாகத் தட்டுப்படும். இரண்டு பக்கமும் இல்லையென்றால் அதுவே நோயறிதல். ஸ்கேன் அதற்குத் தேவையில்லை. ஸ்கேன் தேவை சிறுநீரகத்துக்கு. சிலருக்கு ஒரு பக்கச் சிறுநீரகமே இருக்காது.

#13 · நிறமூர்த்தம்

நல்ல நேரத்தில் ஞாபகப்படுத்தினீர்கள். இவர்களுக்குக் கரியோடைப்பும் வையும் அல்ல முதல் பரிசோதனை. 7ஆம் நிறமூர்த்தத்தில் உள்ள சிஎஃப்டிஆர். சளி கெட்டிப்பட்டுச் சுவாசப்பையைக் கெடுக்கும் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸை உண்டாக்கும் அதே பரம்பரையலகு, 1989இல் கண்டுபிடிக்கப்பட்டது. சுவாசப்பையில் ஒரு குறையும் இல்லாதவருக்கும் அதன் இலேசான விகாரங்கள் விந்துக்குழாயை மட்டும் இல்லாமலாக்கிவிடும்.

இங்கே ஒரு பொறி உண்டு. ஐரோப்பியருக்காகச் செய்த விகாரப் பட்டியல் பரிசோதனையை வாங்காதீர்கள். அதில் முதலிடத்தில் இருக்கும் எஃப் 508 விகாரம் தெற்காசியரில் அவ்வளவு இல்லை. 5டி என்ற மாறல் இருக்கிறதா என்று தனியே கேளுங்கள், முடிந்தால் முழுப் பரம்பரையலகு வாசிப்பு. “பட்டியலில் எதுவும் இல்லை” என்பதை “காவி (நோயில்லாமல் விகாரத்தைச் சுமப்பவர்) அல்ல” என்று படிப்பவர்கள் நிறைய.

இவர்களின் விதை நன்றாக வேலை செய்கிறது. ஊசியால் உறிஞ்சினாலே அணு கிடைக்கும், இக்சி (முட்டைக்குள் ஓர் அணுவை ஊசியால் செலுத்துவது) செய்யலாம். ஆனால் அதற்கு முன் மனைவிக்கும் சிஎஃப்டிஆர் கட்டாயம். இப்போதுதான் மாமன் மகள் கேள்விக்கு உண்மையான எடை வருகிறது: கணவரிடம் உள்ள ஒவ்வொரு விகாரமும் மனைவியிடமும் இருக்க, சொந்த வழியாக மட்டும், 8இல் 1 வாய்ப்பு.

#14 · மருந்துக்கலவை

மூன்றாவது வகையையும் போட்டுவிடுறேன். இது ஒன்றுதான் மருந்தால் திரும்பும், அதனால் தவறவிட்டால் பாவம்.

எஃப்எஸ்எச், எல்எச், டெஸ்டோஸ்டெரோன் மூன்றும் கீழே. பருவமடைதல் சரியாக நடக்கலை, மீசை இல்லை, குரல் உடையலை. மணம் தெரியுமா என்று கேளுங்க. கல்மன் நோய்க்குறியில் மணநரம்பும் ஓமோனைத் தூண்டும் கலங்களும் ஒரே பாதையில் வளர்வதால் ரெண்டும் சேர்ந்து தவறும். கண்ணை மூடவைத்து ஒவ்வொரு மூக்குத்துளையிலும் கோப்பித்தூள், கராம்பு, கறிவேப்பிலை காட்டுங்க. சித்தாலேப்ப, கற்பூரம், அமோனியா காட்டாதீங்க. அவை எரிச்சலை உணரும் முக்கிளை நரம்பை உறைக்க வைக்கும், மணமே தெரியாதவரும் “தெரியுது” என்பார்.

சிகிச்சை: எல்எச்சின் வேலையைச் செய்யும் எச்சிஜி ஊசி 1500 முதல் 2500 அலகு, கிழமைக்கு இரண்டு மூன்று தடவை, தோலுக்கடியில். டெஸ்டோஸ்டெரோன் ஏறியதும், மூன்று முதல் ஆறு மாதத்தில் அணு வரவில்லையென்றால் எஃப்எஸ்எச் 75 முதல் 150 அலகு, கிழமைக்கு இரண்டு மூன்று தடவை சேர்க்கணும். அணு தெரிய ஆறு மாதமும் ஆகலாம், இரண்டு வருடமும் ஆகலாம். மருந்து 2 முதல் 8 பாகையில் இருக்கணும். லயத்து வீட்டில் ஃபிரிட்ஜ் இல்லையென்றால் முதல் நாளே இடம் பேசிவையுங்க. பாதியில் நிறுத்துபவர்கள் அதிகம். பெரும்பாலும் காரணம் மருந்தின் விலையும் ஃபிரிட்ஜும்தான்.

#15 · கொழுந்துக்கூடை

அப்போ நரம்புச் சுருள் ஒப்பரேசன்? விதைப்பையில் நரம்பு (இரத்தநாளம்) சுருண்டிருக்கு, அதை வெட்டினால் அணு வரும் என்று நிறையப் பேருக்குச் செய்யறாங்களே.

#16 · ஊவா_வைத்தியன்

நரம்புச் சுருள் ஆண்களில் நூற்றுக்குப் பதினைந்து பேருக்கு இருக்கிறது, அவர்களில் பெரும்பாலோருக்குப் பிள்ளையும் இருக்கிறது. கையால் தொட்டே தெரியும் சுருள், எண்ணிக்கை குறைவு, ஆனால் பூச்சியமில்லை என்றால் அறுவைக்கு இடமுண்டு. அணு பூச்சியமாக அல்லது 10 இலட்சத்துக்குக் கீழே இருந்து, பரம்பரையலகு பார்க்காமல் சுருளை வெட்டுவதை நான் ஏற்கமாட்டேன். ஏ துண்டு போன விதைக்குச் சுருளை எடுத்து என்ன பயன்?

இந்த வெட்டுக்கோடு பற்றியும் சொல்ல வேண்டும். மில்லிலீற்றருக்கு 50 இலட்சத்துக்குக் கீழே என்றால் வை பரிசோதனை செய் என்பது பழைய பழக்கம். இப்போது 10 இலட்சத்துக்குக் கீழே கட்டாயம், இடையில் உள்ளவர்களுக்கு விருப்பத்தேர்வு என்ற பக்கம் வழிகாட்டிகள் சாய்கின்றன. 50 இலட்சத்துக்கு மேல் வை இழப்பு மிக அபூர்வம்.

#17 · நுணுக்குக்காட்டி

எண்ணிக்கை இருந்தும் வடிவம் கெட்ட வகை பற்றி ஒரு சின்னக் குறிப்பு. நூற்றுக்கு நூறும் பெரிய தலை, பல வால் என்றால் ஏயூஆர்கேசி (AURKC) பரம்பரையலகு. உள்ளே நிறமூர்த்தம் பன்மடங்கு இருக்கும், இக்சி செய்யக் கூடாது. நூற்றுக்கு நூறும் உருண்டைத் தலை, தொப்பி இல்லை என்றால் டிபிவை 19 எல் 2. இக்சியோடு முட்டையைத் தூண்ட கல்சியம் அயனோஃபோர் சேர்க்கணும். வால் கட்டை, சுருண்டது, இல்லாதது என்று வந்தால் டிஎன்ஏஎச் 1 போன்றவை. இக்சி நன்றாகவே வேலை செய்யும். மூன்றையும் “வடிவம் 0 வீதம்” என்று ஒரே வரியில் எழுதி அனுப்பினால் யாருக்கும் உதவாது. எந்தக் குறை என்று எழுதுங்க.

#18 · களப்பணி_தலவாக்கலை

கரியோடைப் வந்துருச்சு. 30 கலமும் 47 எக்ஸ்எக்ஸ்வை. மற்றக் குழாயை அனுப்பலை. அடுத்தது?

#19 · ஊவா_வைத்தியன்

நுணுக்குக்காட்டியின் கீழ் விதையைத் திறந்து தேடும் முறை, மைக்ரோ டெசே, 1999இலிருந்து இருக்கிறது. 20 மடங்கு பெருக்கத்தில் தடித்த, வெளுத்த குழாய்களை மட்டும் பொறுக்கி எடுக்கிறார்கள். கண்மூடித்தனமாக ஓரிடத்தில் துண்டெடுப்பதோடு ஒப்பிட முடியாது. பழகிய கைகளில் கிளைன்பெல்டரில் நூற்றுக்கு நாற்பது ஐம்பது பேருக்கு அணு கிடைக்கிறது. கிடைத்தவற்றால் பிறக்கும் பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு நிறமூர்த்தம் இயல்பாகவே இருக்கிறது. மறுபாதிப் பேருக்குக் கிடைக்காது என்பதையும் அறுவைக்கு முன், இருவரையும் உட்கார வைத்துச் சொல்ல வேண்டும். பிறகு தானம், தத்து எதுவானாலும் அவர்கள் முடிவு.

அணுவை உறையவைக்கும் வசதி உள்ள இடத்தில் மட்டும் அறுவை. கிடைத்ததை அன்றே பயன்படுத்தவோ வைக்கவோ முடியாத இடத்தில் இரண்டாவது தடவை கீற வேண்டிவரும், இந்த விதைக்கு அது தாங்காது. டெஸ்டோஸ்டெரோன் 7 என்பதால் அறுவைக்குப் பின் அது இன்னும் இறங்கலாம். ஆறு மாதத்தில் திரும்பப் பாருங்கள். சர்க்கரை, மார்பில் கட்டி இருக்கிறதா என்ற பரிசோதனை ஆண்டுதோறும். எலும்பு அடர்த்தியும் பார்த்துவர வேண்டும். காலில் இரத்தக்கட்டிக்கான வாய்ப்பும் இவர்களுக்குக் கூட.

#20 · மருந்துக்கலவை

கிளினிக் கொப்பியில் “பிள்ளை வேண்டும் என்றவர், அணு தேடும்வரை டெஸ்டோஸ்டெரோன் வேண்டாம்” என்று சிவப்பில் எழுதி வைங்க. எலும்புக்கென்று வேறு கிளினிக்குக்குப் போனால் அங்கே முதலில் எழுதித் தருவது அந்த ஊசியாகத்தான் இருக்கும்.

#21 · நிறமூர்த்தம்

மூலப் பிரதியை ஆளிடமே கொடுத்து, லேமினேட் பண்ணாமல் பொலித்தீன் உறையில் வைக்கச் சொல்லுங்கள். அறுவைக்கு முன் எந்த இடத்திலும் அதன் பிரதியைக் கேட்பார்கள். இன்னொன்று: இனி அனுப்பும் எந்தக் குழாயிலும் பெயரோடு பிறந்த திகதியும் அடையாள அட்டை இலக்கமும் இருக்கட்டும். ஒரே தோட்டத்திலிருந்து, ஒரே பெயரில், ஒரே நாளில் இரண்டு மாதிரி வருவது இங்கே புதுமையல்ல.